விட்டதைப் பிடிக்கப் போனவன்

என் அக்காவிடம் வளையல் வாங்குவதற்காக, என் மனைவிக்கு இல்லாத நோயை இருக்கிறது என்று சொன்னேன். "மார்ல கட்டிக்கா. உடனே ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. அவகிட்ட எதுவும் கேட்டுடாதே, ரொம்ப பயந்து போயிருக்கா" என்று திருவானைக்காவலில் அவள் வீட்டு வாசற்படியில் நின்றபடி சொன்னேன். அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமா தூங்கி எழுவதற்குள் பீரோவைத் திறந்து, நாலு வளையலைக் கைக்குட்டையில் முடிந்து என் சட்டைப் பையில் திணித்தாள். அன்றைக்கே டவுனுக்குப் போய் அதை அடகு வைத்தேன். பணம் நேரே வங்கிக் கணக்கில் விழுந்தது. ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச் சாலையில் நிற்பதற்குள், அதில் ஒரு பகுதி என் போனில் இருந்த ரம்மிக்குள் போய்விட்டது.

நான் செய்தவற்றில் மிகக் கேவலமானது இது. இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றதைச் சொல்ல முடியும். கடன் எவ்வளவு என்பதிலிருந்து தொடங்கினால் கேட்பவர்கள் தொகையைப் பற்றியே பேசுவார்கள். நானும் பல வருஷம் தொகையைப் பற்றியேதான் யோசித்தேன். எனக்கு இருப்பது பணக் கஷ்டம், எங்கிருந்தாவது ஒரு பெருந்தொகை கைக்கு வந்தால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன் என்று மனதார நம்பினேன். பெருந்தொகை இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை மாமனார் கொடுத்தார், ஒரு தடவை வங்கி கொடுத்தது. பழைய கடனை அடைத்ததும் மனம் லேசானது. லேசான மனதோடு மறுபடியும் ஆட உட்கார்ந்தேன்.

தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சீட்டு எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமுக்காளம் விரித்துவிடுவார்கள். பெரியப்பா, சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லாரும் உட்காருவார்கள். பாயிண்டுக்கு இருபத்தைந்து காசு. அந்தக் கூட்டத்தில் எனக்கு நல்ல ஆட்டக்காரன் என்று பேர். காரணம், கை சரியில்லை என்றால் முதல் சுற்றிலேயே டிராப் சொல்லிவிடுவேன். 20 பாயிண்டோடு போய்விடும். நடுவில் விட்டால் 40. விடாமல் ஒட்டிக்கொண்டிருந்து எதிராளி டிக்ளேர் பண்ணினால் 80 வரை போகும். சீட்டைக் கீழே வைக்கத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன் என்று பெரியப்பா சொல்லுவார்.

2020 ஊரடங்கில் அலுவலகம் மூடிக் கிடந்தது. கோயில் நடை சாத்தியிருந்தது. வீதிகளில் ஆளில்லை. அப்போதுதான் போனில் ரம்மி ஆடக் கற்றேன். ஆட்டம் அதே பதின்மூன்று சீட்டு, அதே ஜோக்கர், அதே சீக்வென்ஸ். ஆனால் மண்டபத்து மாடியில் ஆட்டத்தைத் தடுக்க ஆயிரம் விஷயம் இருந்தது. குலுக்க வேண்டும், பிரிக்க வேண்டும், யாராவது காபி கொண்டுவருவார்கள், யாராவது பழைய கதை எடுப்பார்கள், சித்தி வந்து "போதும், எழுந்திருங்க" என்பாள். தோற்கிறவன் முகம் எதிரே இருக்கும். பக்கத்தில் இருப்பவன் "மாப்ள, இன்னிக்கு உனக்கு ஓடலை, விடு" என்பான். போனில் இவை ஒன்றும் இல்லை. ஓர் ஆட்டம் சில நிமிஷத்தில் முடியும், முடிந்த கையோடு அடுத்த மேஜை தயாராக நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கும் எதிரே ஆள் உண்டு. டிராப் பண்ணுவதில் பேர் வாங்கிய நான் டிராப் பண்ணுவதையே விட்டுவிட்டேன். இன்னும் ஒரு சீட்டு வந்தால் சேர்ந்துவிடும் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, ஆகவே ஆடுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம்தான் வரும் என்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. 2023 அக்டோபர் 1 முதல் ஆட்டத்துக்குக் கட்டும் பணத்தின் மீது 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய் கட்டினால் அதில் 21 ரூபாய் 88 காசு வரியாகப் போனது. இதை வாடிக்கையாளர் ஒருவருக்கு நானே விளக்கிச் சொன்னேன். சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து பணம் கட்டினேன். அறிவு இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு அறிவு ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது, விரல் ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது.

விட்டதைப் பிடிக்கணும். இந்த இரண்டு வார்த்தைதான் அத்தனை வருஷமும் என்னை ஓட்டியது. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை முதல் சில மாதத்திலேயே போய்விட்டது. பிறகு ஆடியதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு. அதனால்தான் ஜெயித்த நாளில்கூட எழுந்திருக்க முடியவில்லை. ஜெயித்தது எவ்வளவு என்று பார்க்கமாட்டேன், இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் பார்ப்பேன்.

சட்டம் என்னை நிறுத்திப் பார்த்தது. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுப் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடுத்தபோது, நான் இருக்கும் மாநிலத்தில் ஆட முடியாது என்று திரையில் வந்தது. அந்த மாதங்களில் நான் ஆடவில்லை. நானே விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லிக்கொண்டேன், எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத் திருத்தத்தை ரத்து செய்தது. கொஞ்ச நாளில் போனுக்குச் செய்தி வந்தது, திரும்பி வந்தால் போனஸ் என்று. அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022 அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, 2023 ஏப்ரலில் ஒப்புதல், அந்த நவம்பரில் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கிய தீர்ப்பு என்று நீண்டது. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் வரி விடாமல் படித்தேன், ஊருக்காக இல்லை, என் வசதிக்காக. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னதை மனப்பாடமாக வைத்திருந்தேன். "சூதாடுறீங்களா?" என்று மனைவி நேராகக் கேட்ட ஒரே ஒரு நாளில் அவளுக்கு அந்தத் தீர்ப்பைத்தான் பதிலாகச் சொன்னேன்.

2025 பிப்ரவரியில் ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆட முடியாது என்று ஆன்லைன் ஆட்டங்களுக்கான மாநில ஆணையம் விதி கொண்டுவந்தது. நல்ல விதி, பலரைத் தூங்க வைத்திருக்கும். நான் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். தெருவில் ஆட்கள் விஸ்வரூப தரிசனத்துக்குக் கிளம்பிப் போகும் நேரத்தில் கொல்லைப்புறக் கதவுக்குப் பக்கத்தில் நின்று ஆடினேன்.

அதற்கு முந்தைய வருஷம் சித்திரைத் தேர் சமயத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் தேருக்கு வரும் ஜனங்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவோம். கணக்கு எழுதுகிறவன் என்பதால் வசூல் பணம் என்னிடம் இருக்கும். சாமான் வாங்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பணத்தை எடுத்து ஆடினேன். தோற்றேன். போனிலேயே கடன் கொடுக்கும் ஒரு செயலியில் அநியாய வட்டிக்கு வாங்கித் தயிரும் பானகத்துக்கு வெல்லமும் வாங்கிக் கொடுத்தேன். பந்தல் நன்றாக நடந்தது. வரவு செலவை வாசித்தபோது பெரியவர்கள் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லையே, அப்படியென்றால் நான் இன்னும் பிடி விடவில்லை என்று அன்று முடிவு செய்தேன். பிடிபட்டிருந்தால் அக்கா வளையல் வரை போயிருக்கமாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிடிபட இன்னொரு வாய்ப்பும் வந்தது. ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த பணத்தில் 30 சதவீதம் வரி பிடிப்பது 2023 ஏப்ரலிலிருந்து வந்தது, பிரிவு 194பிஏ. அந்த நிதியாண்டின் தொடக்கத்தில் நான் ஜெயித்து எடுத்த ஒரு சிறு தொகை என் வரிப் பதிவில் ஏறியிருந்தது. 2024 ஜூலையில் அலுவலகத்து ஆட்கள் ரிட்டர்னையும் சேர்த்துப் போடும்போது ஆடிட்டர் சார் கண்ணில் பட்டது. "என்னப்பா இது?" என்றார். "மச்சான் என் பான் நம்பரைப் போட்டுட்டான் சார்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். பொய் சொல்லும்போது முன்பெல்லாம் தொண்டை காயும். அன்று காயவில்லை. அந்த வித்தியாசத்தை நான் கவனித்தேன், கவனித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அக்கா மாசி கடைசியில் சமயபுரம் போனாள். பூச்சொரிதல் கூட்டம். தம்பி பெண்டாட்டிக்குக் குணமானால் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்ததை, ஆபரேஷன் முடிந்திருக்கும் என்று நினைத்து நிறைவேற்றப் போனாள். பச்சரிசி இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, அந்த நெரிசலில் ஓர் ஓரமாகப் படுத்துத் தன் நெஞ்சின் மேல் மாவிளக்கை வைத்து ஏற்றியிருக்கிறாள், அறுபதை நெருங்கும் மனுஷி. அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். மனைவி அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கா திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசி, மிச்சத்தைக் கழுத்துக்குக் கீழே தடவி, "இனிமே ஒண்ணும் பண்ணாதும்மா. ஆத்தா பாத்துக்குவா. தையல் பிரிச்சாச்சா?" என்றாள். மனைவி கீரைத் தண்டைக் கையில் பிடித்தபடி, "எனக்கென்ன அண்ணி?" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை விரிவாக எழுதத் தேவையில்லை. அக்கா கத்தவில்லை. "நெஜமாவே அவளுக்கு ஒண்ணும் இல்லையேடா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வளையலைப் பற்றிக் கேட்கவே இல்லை. நோய் இல்லை என்பது உறுதியான பிறகுதான் அழுதாள்.

அன்று ராத்திரி கொள்ளிடம் பாலத்தில் வெகுநேரம் நின்றேன். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவேண்டும் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் கடனில் மாட்டிய ஆட்டக்காரன் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான் என்பது செய்தித்தாள் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். பலர் வீடு திரும்பவில்லை. நான் திரும்பியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. மனைவி போன் பண்ணிக்கொண்டே இருந்தாள், ஒரு கட்டத்தில் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அவள்தான் 14416க்குப் போட்டுக் கொடுத்தாள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். அந்தப் பக்கம் இருந்தவர் என்னை வெகுநேரம் பேசவிட்டார். முடிவில், காலையில் புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள் என்றார்.

புத்தூர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போக எனக்கு இருந்த கூச்சம், அடகுக் கடைக்குப் போகும்போது ஒரு நாளும் இருந்ததில்லை. புறநோயாளி சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மனைவி பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கடன் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தேன். "அதை அப்புறம் பார்க்கலாம்" என்று நிறுத்தினார். இரண்டு கேள்வி கேட்டார். மேலும் மேலும் அதிகப் பணம் வைத்து ஆட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு வேண்டியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? 1990களில் அமெரிக்காவில் உருவான கேள்விகள் இவை, ஒன்றுக்கு ஆமாம் என்றாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்வதற்கு முன்பே என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த இரண்டு கேள்வியை 2020இலேயே யாராவது என்னிடம் கேட்டிருந்தால் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கேள்வி உள்ளே கிடந்திருக்கும்.

இது வியாதி என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. அக்காவை ஏமாற்றியதற்கு வியாதி என்று பேர் வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறேனோ என்ற கோபம். "வியாதிக்கு மருந்து நாங்க பார்க்கிறோம். செஞ்சதுக்குப் பதில் நீங்கதான் சொல்லணும். ரெண்டும் வேற வேற" என்றார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் நோய்க் கையேட்டைத் திருத்தி எழுதியபோது சூதாட்டத்தைக் குடியும் போதையும் இருக்கும் அத்தியாயத்துக்கு மாற்றியது. அதுவரை அது திருட்டு வெறி, தீ வைக்கும் வெறி இவற்றோடு இருந்தது. வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிய குறளை எடுத்துப் பார்த்தேன். 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94 சூது. 95 மருந்து. இந்த வரிசை அத்தனை வருஷமாக என் அலமாரியில் இருந்திருக்கிறது.

வைத்தியம் என்றால் பெரும்பாலும் பேச்சுதான். ஆட வேண்டும் என்ற எண்ணம் எப்போது கிளம்புகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதியதில் தெரிந்தது, எனக்கு அது கிளம்புவது பணம் இல்லாதபோது இல்லை. அலுவலகத்தில் யாராவது மரியாதைக் குறைவாகப் பேசிய அன்றும், சம்பளம் வந்த அன்றும்தான் கிளம்பியது. அந்தத் தவிப்பு ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கிவிடும். இறங்கும்வரை தாக்குப்பிடிக்கப் பழக வேண்டும். குடிநோய்க்குக் கொடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை சிலருக்குச் சூதாட்டத் தவிப்புக்கும் பயன்படுகிறது. எனக்கு மனச்சோர்வுக்கான மாத்திரைதான் கொடுத்தார்கள். பெங்களூரு நிமான்ஸில் போன், இணையம் இவற்றில் சிக்கியவர்களுக்கென்றே 2014இலிருந்து தனிப் பிரிவு நடக்கிறது. உலகத்தில் பல ஊர்களில், இந்தியாவிலும், சூதாடிகளே கூடித் தங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் குழுக்கள் உண்டு, 1957இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கியது அந்த வழக்கம்.

பணத்துக்கும் ஏற்பாடு செய்தோம். என் சம்பளம் மனைவி கணக்குக்குப் போகிறது. என் போனில் யு.பி.ஐ. இல்லை. பஸ்ஸுக்கும் டீக்கும் காலையில் அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறேன். ஆரம்பத்தில் இது எனக்கு அவமானமாக இருந்தது. கடன்காரர்கள் பட்டியலை நான் அவளிடம் மூன்று தவணையில்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் "இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பிறகு இன்னொன்றைச் சொன்னேன். வைத்தியம் ஆரம்பித்த பிறகும் அப்படி. உண்மை சொல்வது ஒரே நாளில் வந்துவிடவில்லை.

மனைவியிடம் பிறகு கேட்டேன், உனக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று. அவள் சொன்னதை மற்ற வீடுகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். குளியலறைக்குப் போனை எடுத்துக்கொண்டு போவேனாம். போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பேனாம். காரணமில்லாமல் ஒரு நாள் எல்லாருக்கும் பரோட்டா வாங்கி வருவேனாம், மறுநாள் பால் பாக்கிக்குச் சண்டை போடுவேனாம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வாசலுக்குப் போய்விடுவேனாம். "உங்களுக்கு வேற பொம்பளை சகவாசம்னுதான் முதல்ல நெனச்சேன்" என்றாள். அவள் அப்படி நினைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் போட்டது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதம் அதில் இல்லை. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். மனப்பூர்வமாக வரவேற்றேன். என்னைப் போன்றவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஆட்டம் இல்லாமலிருப்பது பெரிய உதவி. ஆனால் கொஞ்ச நாளிலேயே வெளிநாட்டிலிருந்து நடக்கும் ஏதோ ஒரு தளத்தின் இணைப்பு டெலிகிராமில் வந்தது. அன்று விரல் போகத்தான் பார்த்தது. போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் நடக்கப் போனேன். பந்தல் போடும் எங்கள் தெரு நண்பர்களிடம் நீர்மோர்ப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். கணக்குப் பொறுப்பை வேறொருவர் பார்க்கிறார். சொன்ன அன்று ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார், இன்னும் என்னோடு பேசுவதில்லை.

போன வாரம் தெரிந்த அம்மா ஒருத்தர் வந்தார். மகன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறவன், கிரிக்கெட் பந்தயத்தில் விட்டிருக்கிறான். கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஒரு தடவை அடைத்துவிட்டால் இனிமேல் ஆடமாட்டேன் என்று சாமி மேல் சத்தியம் பண்ணியிருக்கிறான். "தம்பி, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும், கொஞ்சம் பணம் புரட்டிக் கொடுங்க" என்றார். தரமாட்டேன் என்றேன். அவன் சத்தியம் பண்ணும்போது நிஜமாகவே நம்பித்தான் பண்ணுகிறான், நானும் அப்படித்தான் பண்ணினேன், கடன் அடைந்த ராத்திரி அவன் திரும்பவும் ஆடுவான் என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இல்லாதவன் பேசுகிற பேச்சு என்று வாசலில் நின்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். பையன் மட்டும் ராத்திரி போன் பண்ணினான். திங்கட்கிழமை காலை புத்தூருக்கு நானும் அவனோடு போகிறேன். அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். ஆடிட்டர் சார் எதற்கு என்று கேட்டார், எதற்கென்று சொன்னேன்.